மேசைப் போருக்கு டாங்கி எங்கே வாங்குவது?

கேள்வி: நானும் மகனும் 1942 மலாயாப் போரைச் சின்ன மாடல்களை வைத்து மேசைமேல் ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறோம். சிலிம் ரிவர் சண்டையில் தொடங்கிப் புக்கிட் தீமா வரை வரவேண்டும் என்பது திட்டம். ஜப்பானிய டாங்கிகள் நிறையத் தேவை. இங்குள்ள மாடல் கடைகளில் கேட்டால் ஒன்றே 40, 50 வெள்ளி, அதுவும் கை நீளத்துக்கு இருக்கிறது. இந்த விலையில் ஒரு படையையே எப்படி வாங்குவது? யாரிடம் வாங்கலாம்?
— யீஷூன் வாசகர்

பதில்: கடையில் நீங்கள் பார்த்தது 1/35 அளவாக இருக்கும், அதாவது நிஜ வண்டியின் நீளத்தில் 35இல் ஒரு பங்கு. தமியா போன்ற நிறுவனங்கள் செய்பவை. ஒட்டி, வண்ணம் பூசி, கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்க அருமையான சாமான். மேசைப் போர் ஆடுபவர்கள் அதைத் தொடுவது அபூர்வம். அதனால் விற்பனையாளரைத் தேடுவதற்கு முன்னால், எந்த அளவில் ஆடப்போகிறீர்கள் என்று தீர்மானித்துவிடுங்கள். அது முடிவானால் கடைப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

ஜப்பானியர்களின் டைப் 97 சி-ஹா டாங்கியையே எடுத்துக்கொள்வோம். நிஜ வண்டியின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். 1/56 அளவில் அது 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1/72 என்றால் ஏழரை, 1/100 என்றால் ஐந்தரை. 1/285 அளவில் 2 சென்டிமீட்டர்கூட வராது, விரல் நுனியில் நிறுத்தலாம்.

1/56-இல் ஆட 'போல்ட் ஆக்‌ஷன்' என்ற ஆட்டத்தின் விதிகள் பிரபலம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் உள்ள வார்லார்ட் கேம்ஸ் அதற்கான வண்டிகளை விற்கிறது. ஹாங்காங்கின் ருபிகான் மாடல்ஸ் இதே அளவில் பிளாஸ்டிக் வண்டிகள் செய்கிறது. 1/100 என்றால் நியூசிலாந்தின் பேட்டில்ஃபிரன்ட், அவர்களுடைய ஆட்டம் 'ஃபிளேம்ஸ் ஆஃப் வார்'. இரண்டு ஆட்டத்துக்கும் வழக்கமான மேசை ஆறடிக்கு நாலடி. வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசை எத்தனை அடி என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்!

என்னைக் கேட்டால் உங்களுக்கு 1/285தான் சரி. 1942 ஜனவரி 7 அன்று, விடிவதற்கு முன்பே, ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு வரிசையாகப் புகுந்து 11ஆம் இந்தியப் படைப்பிரிவைச் சிதறடித்ததுதான் சிலிம் ரிவர். மைல் கணக்கில் நீண்ட சண்டை. 10 சென்டிமீட்டர் வண்டிகளை நெருக்கி நிறுத்தினால் அது சாலை மறியல் போலத் தெரியுமே தவிர, படை பாய்வது போலத் தெரியாது. சிறிய அளவில் ரப்பர் தோட்டம், சாலை, பாலம் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். அமெரிக்காவின் ஜிஎச்கியூ இந்த அளவில் பெயர்பெற்ற நிறுவனம். உலோக வார்ப்பு, பெரும்பாலும் ஐந்து வண்டி ஒரு பொட்டலம், டைப் 95 இலகு டாங்கி, டைப் 97 இரண்டும் உண்டு. இங்கிலாந்தின் ஹெராய்க்ஸ் அண்ட் ராஸ் 1/300 அளவில் செய்கிறது. இரண்டையும் கலந்து வைத்தாலும் பெரிதாக உறுத்தாது.

பிரிட்டிஷ் தரப்புக்கு டாங்கி வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். சிலிம் ரிவரில் அவர்களிடம் டாங்கியே இல்லை. பிரென் கேரியர்கள் என்ற சிறு கவச வண்டிகள், சில கவச கார்கள், கொஞ்சம் பீரங்கிகள் போதும். அன்று முன்னால் வந்த டாங்கியைக் கடைசியில் நிறுத்தியதே ஒரு ஹோவிட்சர் பீரங்கிதான். பெட்டியோடு வரும் பிரிட்டிஷ் டாங்கித் தொகுப்பை யாராவது மலிவு என்று தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

1/72 பிடித்திருந்தால் பெட்டியில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். ஏர்ஃபிக்ஸின் பழைய டாங்கிகளும் ஃபுஜிமியின் சி-ஹாவும் 1/76. வண்டிக்கு நாலு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆடும்போது கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் விலை. வெளிநாட்டுக் கடையில் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அனுப்பும் செலவையும் சேர்த்து, ஒரு வண்டிக்கு எவ்வளவு விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொட்டலத்தின் மதிப்பு, அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து 400 வெள்ளியைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அதற்குள் இருந்தாலும், இங்கே வரிக்குப் பதிந்துகொண்ட பெரிய தளங்கள் 2023 முதல் பணம் கட்டும்போதே வரியை எடுத்துக்கொள்கின்றன. பதியாத சிறு தயாரிப்பாளர் எடுக்கமாட்டார். இங்கிலாந்துக் கடைகளில் சிங்கப்பூர் முகவரியைப் போட்டதும் அந்த நாட்டின் 20 விழுக்காட்டு வரி கழிகிறதா என்று பாருங்கள். கழியவில்லை என்றால் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

ஸ்ப்ரே டின்னை மட்டும் அங்கிருந்து வரவழைக்க நினைக்காதீர்கள். அழுத்தம் நிறைந்த டப்பா சாதாரண விமான அஞ்சலில் ஏறாது. வண்ணம், பசை, தூரிகையெல்லாம் இங்கேயே கிடைக்கும். பிராஸ் பசா கடைத்தொகுதிப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள்.

உள்ளூர் கடையைக் கைவிடச் சொல்லவில்லை. சரக்கு இல்லாவிட்டாலும் மொத்த விற்பனையாளர் வழியாக வரவழைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். முன்பணம் சிறியதாக இருக்கட்டும். எப்போது வரும், வராவிட்டால் பணம் திரும்புமா என்பது ரசீதிலேயே இருக்கவேண்டும்.

கேள்வி: இணையச் சந்தைத் தளம் ஒன்றில் தனிநபர் ஒருவரிடம் முப்பரிமாண அச்சில் செய்த டாங்கிகள் வாங்கினேன். பீரங்கிக் குழல்கள் வளைந்திருக்கின்றன, தொட்டால் பிசுபிசுக்கிறது. குறையுள்ள பொருளுக்கான 'லெமன் சட்டம்' உதவுமா?
— தெம்பனிஸ் வாசகி

பதில்: 2012இல் வந்த அந்தச் சட்டம் வியாபாரிகள் விற்கும் பொருளுக்கானது. வீட்டில் கிடந்ததை விற்கும் தனிநபருக்குப் பொருந்தாது. ஆனால் உங்களுக்கு விற்றவர் அச்சடித்து அச்சடித்துத் தொடர்ந்து விற்பவர் என்றால் அவரை வியாபாரி என்று வாதிட இடமுண்டு. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் தளத்துக்குள்ளேயே புகார் கொடுங்கள். 'பொருள் கிடைத்தது' என்ற பொத்தானை இன்னும் அழுத்தவில்லை என்றால் அழுத்தவேண்டாம். படங்களையும் உரையாடலையும் சேமித்து வையுங்கள்.

வளைந்த குழலை வெந்நீரில் சற்று நேரம் முக்கி நிமிர்த்திவிடலாம். பிசுபிசுப்புதான் உண்மையான குறை. ரெசின், அதாவது அச்சடிக்கப் பயன்படும் திரவப் பிளாஸ்டிக், சரியாகக் கழுவி இறுக வைக்கப்படவில்லை. அது தோலில் பட்டால் அரிப்பு, கொப்புளம் வரலாம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது முதலில் இதையே எழுதுங்கள், வளைந்த குழலை அல்ல.