ஐந்தாம் வகுப்பு முடிகிறது: ஊர் அரசுப் பள்ளியா, வேன் வரும் தனியார் பள்ளியா?

அம்மா, உங்கள் மகள் படிக்கும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், ஆறாம் வகுப்புக்காவது தனியாரில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் அவசரப்பட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் கூடவே வரும்.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021இலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். "ரெண்டு வருஷம் இங்கிலீஷ் பழகட்டும், எட்டாவதில் திரும்பிக்கலாம்" என்று போகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் எட்டாவது வரை தனியாரில் படித்து, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவிபெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் வராது. பலர் ஏமாறுவது இங்கேதான். அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா என்று சேர்க்கும் முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வையும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. தேறினால் நான்கு ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000.

இதற்காக எந்த அரசுப் பள்ளியானாலும் சரி என்று சொல்லமாட்டேன். "பத்தாவதில் நூறு சதவீதம்" என்ற பேனரைப் பார்த்து மயங்காதீர்கள். எத்தனை பேர் தேர்வு எழுதினார்கள், அதற்கு முந்தைய வருடம் ஒன்பதாவதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். 40 பேரில் 28 பேர்தான் எழுதினார்கள் என்றால், மீதி 12 பேர் எங்கே? மேல்நிலைப் பள்ளியானால் கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு முதுகலை ஆசிரியர்கள் இருக்கிறார்களா, பணியிடம் காலியாகக் கிடக்கிறதா என்று விசாரியுங்கள். காலியாக இருந்தால் பிளஸ் ஒன்னுக்கு வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒதுக்கீடு போகாது.

இன்று மாலை மகளிடம் 832ஐ 8ஆல் வகுக்கச் சொல்லுங்கள். விடை 104. நடுவில் வரும் பூஜ்யத்தை விட்டு 14 என்று எழுதினால் இடமதிப்பு புரியவில்லை என்று அர்த்தம். பள்ளியை மாற்றினாலும் அந்தக் குறை கூடவே போகும். கோடை விடுமுறையில் தினம் அரை மணி நேரம் இதற்கே கொடுங்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைத் திக்காமல் படிக்கிறாளா என்றும் பாருங்கள்.

தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில் விழும். நீங்கள் பார்த்த தொய்வுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் பணிநிரவலில் ஆசிரியரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அதனால் உங்கள் சின்னவனை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால் ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள். பெரியவளுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை மாணவருக்குத் தரும் அடையாள எண்) சரியாக இருக்கிறதா, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.