சிங்கப்பூர் போக ஏழு மணி நேரம், திரும்ப ஒன்றே முக்காலா?

கேள்வி: ஆடியில் அம்மா தனியாகக் கோவையிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். வயது 68, சர்க்கரை உண்டு. டிக்கெட்டில் இரவு 11:00-க்குக் கிளம்பி காலை 6:00-க்கு இறங்குவதாக இருக்கிறது. திரும்பும்போது இரவு 7:45-க்கு ஏறி 9:30-க்கே கோவை. தூரம் ஒன்றுதானே? (திருப்பூர் வாசகர்)

பதில்: டிக்கெட் சரிதான். ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி போட்டது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது ஏழில் இரண்டரையைக் கழித்தால் நாலரை. வரும்போது ஒன்றே முக்காலோடு கூட்டினால் நாலேகால். ஷார்ஜா போகிறவர்களுக்கு இது தலைகீழ்.

மிச்சமுள்ள கால் மணி வித்தியாசத்தில் காற்றுக்குப் பங்கு உண்டு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று நமக்குப் பழக்கம். அது கிழக்கே போகும் விமானத்தைத் தள்ளிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், அந்த மாதங்களில் காற்று நேர் எதிராகக் கிழக்கிலிருந்து வீசுகிறது. இதைப் பற்றி 1958-ல் விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம்.

கோவைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 3,160 கி.மீ. மணிக்கு 840 கி.மீ. போகும் விமானத்தை 30 கி.மீ. காற்று எதிர்த்தாலே போக 3 மணி 54 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்தால் வர 3 மணி 38 நிமிடம். ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்குவதற்கெல்லாம் மேலும் அரை மணிக்குச் சற்றுக் கூடுதல். அதனால் வெறும் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்க்காதீர்கள்; டிக்கெட்டில் உள்ள பயண நேரத்தையே நம்புங்கள்.

சரி, அம்மாவுக்கு இதைவிட முக்கியம், வீட்டுப்படி இறங்கியதிலிருந்து தங்கையைப் பார்க்கும்வரை ஆகும் நேரம். திருப்பூரிலிருந்து அவிநாசி, கருமத்தம்பட்டி வழியாகக் கோவை விமான நிலையம் சுமார் 45 கி.மீ.; கோவை நகருக்குள் நுழையவே வேண்டாம். ஆனாலும் ஒன்றேகால் மணி வையுங்கள். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும். ஆக, மாலை 6:45-க்குக் கிளம்ப வேண்டியிருக்கும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது என ஒரு மணி சேர்த்தால் கிட்டத்தட்ட பத்து மணி நேரம். இரவுச் சாப்பாடும் மாத்திரையும் இதற்குள் வருகின்றன.

அப்புறம், சிங்கப்பூரின் காலை 8 மணி அம்மாவின் உடம்புக்கு விடிகாலை ஐந்தரை. காலை மருந்தை எந்த ஊர் நேரப்படி எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். இன்சுலின் இருந்தால் மருந்துச் சீட்டோடு கைப்பையிலேயே இருக்கட்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம், தங்கையே நிரப்பட்டும். சக்கர நாற்காலி உதவியை இப்போதே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். நடக்க முடிந்தாலும் கேளுங்கள், தனியாகப் போகிறவரை வரிசைகளில் கூடவே அழைத்துப் போவார்கள்.