பாலைவனத் தேசியப் பூங்கா: கேள்விகளும் பதில்களும்

ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது பாலைவனத் தேசியப் பூங்கா. எட்டுக் குளிர்காலங்கள் அங்கே போய்வந்தவன் என்ற முறையில், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எந்த மாதம் போகலாம், ஐயா?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பகலில் வெயில் இதமாக இருக்கும். இரவில் பல் கிட்டும். கம்பளி இல்லாமல் போகாதீர்கள்.

கானமயில் என்பது மயில்தானா?

இல்லை. மயிலுக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. பறக்கக்கூடிய பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்று. இந்தியப் புல்வெளிகள் பலவற்றில் முன்பு திரிந்தது. இன்று 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது, அதில் பெரும்பகுதி இந்தத் தார்ப் பாலைவனத்தில்தான்.

ஒரு ஜனவரிக் காலை, பூங்காவுக்குள் இருக்கும் சுதாசரி என்ற இடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். சேவன் புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்து ஒன்று மட்டும் நகர்ந்தது. பிறகு கறுப்புத் தொப்பி வைத்தது போன்ற தலை திரும்பியது. ஓர் அடி வைக்கும், நிற்கும், வெட்டுக்கிளியைக் கொத்தும், மறுபடி ஓர் அடி. அவ்வளவு நிதானம். அதைப் பார்த்தபின் யாராலும் இந்த நிலத்தைத் தரிசு என்று சொல்ல முடியாது.

சுதாசரிக்கு எப்படிப் போவது?

ஜோத்பூர் வரை ரயில், அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு இன்னொரு ரயில். பிறகு வாடகை வண்டிதான். வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். தண்ணீரை நீங்களே கொண்டுபோக வேண்டும். வண்டி தடத்தை விட்டு விலகக் கூடாது.

புலி தென்படுமா?

இங்கே புலி இல்லை. ரந்தம்பூருக்குப் போங்கள்.

சாம் மணல்மேட்டில் ஜீப் ஓட்டலாமா?

வேண்டாம். பூங்கா என்றால் மணல்மேடு மட்டுமல்ல. புல்வெளியும் கல்தரையும் சேர்ந்ததுதான். முள்வால் பல்லியின் வளையும் வானம்பாடியின் கூடும் தரையில்தான் இருக்கின்றன. ஒரு சக்கரம் தடத்தை விட்டு இறங்கினால் எதை நசுக்கியது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உணவு மிச்சத்தையும் போட்டுவிட்டு வராதீர்கள். அதைத் தேடி வரும் நாய்களும் காக்கைகளும் அடுத்து முட்டைகளைத் தேடும்.

பிப்ரவரியில் போகலாமா?

முதல் பதிலில் சொல்லிவிட்டேன்.

என் மகன் காற்றாலையில் வேலை செய்கிறான். மின்கம்பிகளால் கானமயில் சாகிறது என்கிறார்களே, அப்படியானால் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் வேண்டாமா?

வேண்டும். கம்பி எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி. கானமயிலின் கண்கள் தலையின் இருபுறமும் இருக்கின்றன. நேரெதிரே பார்வை குறுகல். கனத்த உடம்பு, கம்பி தெரிந்தாலும் கடைசி நொடியில் திரும்ப முடியாது. பெண் பறவை வழக்கமாக ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். ஆகவே ஒரு தாய்ப்பறவை செத்தால் அந்த இழப்பு பல ஆண்டுகளுக்கு நீளும். 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்துக்கடியில் பதிக்கச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் திருத்தி, எங்கே பதிப்பது என்று ஆராயும் பொறுப்பை நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

அதே வாசகர்: கம்பியில் பளபளக்கும் தட்டுகளை மாட்டினால் போதாதா?

சாவு குறையும், நிற்காது. 150 இருக்கும் இடத்தில் "குறையும்" என்பது எனக்குப் போதவில்லை.

இன்னொருவர்: நூற்றைம்பது பறவைக்காக ஊருக்கு மின்சாரம் நிற்கவேண்டுமா?

யாரும் அப்படிக் கேட்கவில்லை. பறவை வாழும் பகுதியில் மட்டும் கம்பியை மண்ணுக்குள் கொண்டுபோங்கள், அல்லது வழியை மாற்றுங்கள் என்கிறோம். செலவு கூடும், உண்மை. ஆனால் அழிந்த இனத்தை எந்தச் செலவிலும் திரும்ப வாங்க முடியாது. அந்தப் புல்வெளி பறவைக்கு மட்டுமானதும் அல்ல. அங்கே ஆடுமாடு மேய்ப்பவர்களின் பிழைப்பும் அதுதான். முன்பு கேட்டவருடைய மகனின் வேலைக்கும் நான் எதிரியல்ல. திட்டம் தீட்டும்போதே வரைபடத்தில் இந்தப் பறவையையும் குறித்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பாம்பு உண்டா?

சுருட்டை விரியன் உண்டு. இருட்டியபின் ஷூவும் டார்ச்சும் இல்லாமல் நடக்காதீர்கள்.

ஒட்டகச் சவாரிக்கு எவ்வளவு?

நீங்கள் தங்கும் விடுதியில் கேளுங்கள்.

டிசம்பரில் குளிருமா?

முதல் பதில்.

தரையில் முட்டையைக் கண்டால் படம் எடுக்கலாமா?

கூடாது. குளிர்காலத்தில் கானமயில் முட்டை உங்கள் கண்ணில் படுவது அரிது. கோடையிலும் மழைக்காலத்திலும் போகிறவர்களுக்கே முக்கியமாகச் சொல்கிறேன். கூடு என்று ஒன்றும் இராது. மண்ணில் சிறு பள்ளம், அதில் புள்ளியிட்ட ஒரே முட்டை, சுற்றிலும் அதே நிறக் கற்கள். நீங்கள் நெருங்கினால் தாய் எழுந்து போய்விடும். வெயிலில் முட்டை வெந்துவிடலாம், அல்லது காக்கை வந்துவிடும். காமிராவை எடுக்காமல், வந்த தடத்திலேயே திரும்பி நடந்துவிடுங்கள்.