சான் பிரான்சிஸ்கோ கொடியில் எழும் பறவை

கேள்வி: என் மகன் சான் பிரான்சிஸ்கோவில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு அங்கே போயிருந்தபோது, அந்நகரின் கொடியில் தீயிலிருந்து எழும் பறவை ஒன்றைப் பார்த்தேன். 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலிருந்து நகரம் மீண்டதைக் குறிப்பது அது என்று உடன் வந்த ஒருவர் சொன்னார். அது சரிதானா? கொடியில் எழுதியிருக்கும் வாசகத்தின் பொருள் என்ன?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பறவை பீனிக்ஸ்தான், ஆனால், உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் சரியன்று. மேயர் ஜேம்ஸ் ஃபீலனின் முயற்சியால் நடந்த போட்டியில் ஜான் கேம்பிள் என்பவர் வரைந்த வடிவம் தேர்வானது 1900ஆம் ஆண்டில். அதாவது, நிலநடுக்கத்துக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. பறவையோ கொடியைவிட மூத்தது. 1852இல் நகரம் ஏற்றுக்கொண்ட முத்திரையிலேயே அது இடம்பெற்றுவிட்டது.

அப்படியானால் அது எந்தத் தீயிலிருந்து எழுகிறது? 1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டபின், ஆயிரம் பேர்கூட இல்லாதிருந்த அந்தத் துறைமுகச் சிற்றூரில் கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினார்கள். தங்குவதற்கு வீடு ஏது? கித்தான் கூடாரங்களும் பலகைக் குடிசைகளும் நெருக்கமாக எழுந்தன. மாலுமிகளும் தங்கம் தேடி ஓடிவிட்டதால் துறைமுகத்தில் ஆளின்றி நின்ற கப்பல்கள் சில கிடங்குகளாகவும் விடுதிகளாகவும் மாறின. கடற்காற்று ஓயாத, அணைப்பதற்குத் தண்ணீர் போதாத அந்த ஊரில் ஒரு பொறி விழுந்தால் போதும், தெருத் தெருவாக எரிந்துவிடும். 1849 டிசம்பர் முதல் 1851 ஜூன் வரையிலான ஒன்றரை ஆண்டில் மட்டும் குறைந்தது ஆறு பெருந்தீக்கள் நகரை அழித்தன. ஒவ்வொரு முறையும் சாம்பல் ஆறுவதற்குள் மக்கள் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பிடிவாதத்தைத்தான் பறவை சொல்கிறது.

1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தைத் தொடர்ந்து சில நாட்கள் எரிந்த தீ, நகரின் பெரும்பகுதியை அழித்தபோது, கொடியில் ஏற்கெனவே இருந்த பறவைக்கு மக்கள் மனத்தில் புதிய பொருள் சேர்ந்துகொண்டது. உங்களுடன் வந்தவர் சொன்னதும் அங்கிருந்து பிறந்ததே. வரலாறாகத் தவறு என்றாலும், அந்த உணர்வு மதிக்கத்தக்கது.

வாசகம் ஸ்பானிய மொழியில் உள்ளது: 'ஓரோ என் பாஸ், ஃபியேரோ என் குவேர்ரா'. 'அமைதிக்காலத்தில் பொன், போர்க்காலத்தில் இரும்பு' என்பது பொருள். 1848 வரை அந்நிலம் மெக்சிகோவுக்கு உரியதாக இருந்தது என்பதை நினைத்தால் அந்த மொழி வியப்பளிக்காது. வெண்பரப்பைச் சுற்றியுள்ள பொன்னிற ஓரத்தையும் தங்கத்தின் நினைவாகவே நான் காண்கிறேன்.

வடிவமைப்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறை உண்டு. பறவைக்குக் கீழே நகரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கொடி என்பது காற்றில் மடங்கிப் பறப்பது, தொலைவிலிருந்து பார்க்கப்படுவது. அதில் எழுத்தைப் படிக்க முடியாது. ஓர் அங்குல உயரமும் ஒன்றரை அங்குல அகலமும் கொண்ட கட்டத்துக்குள் வரைந்து பார்த்து, அதில் தெளிவாகத் தெரியாத எதையும் கொடியில் வைக்க வேண்டாம் என்று கொடியியல் அறிந்தவர்கள் கூறுவார்கள். அந்தச் சோதனையில் பெயரும் வாசகமும் மறைந்துவிடும். பறவையையும் தழலையும் மட்டும் பெரிதாக வரைந்தால், பெயர் எழுதாமலேயே அது எந்த நகரின் கொடி என்று அடையாளம் தெரியும்.