கலையை வைத்து ஊரை ஒன்றுசேர்க்க முடியுமா? நியாயம் கேட்க முடியுமா?

நீங்கள் இப்படிக் கேட்டிருப்பதைப் பார்த்தால், கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ சுவர் ஓவியம் வரையப் போகிறீர்கள் போலிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் "ஒன்றுசேர்க்க" என்ற வார்த்தையைப் பார்த்ததும் பழசு ஞாபகம் வந்துவிட்டது.

எங்களுடையது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா ஒப்புக்கொண்டது, அந்தக் கணக்கில் வந்தவர் தாத்தா. தகரப் பெட்டியோடு, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தும் கூடவே வந்தது. மாசியில் கம்பம் ஊன்றுவோம். கடைசி இரவு சிவன் மன்மதனை எரிப்பார், ரதி புலம்புவாள். மூன்று வருடம் நான்தான் ரதி. அம்மாவின் சேலை, சவுரிமுடி. சிரிக்காதீர்கள்.

ஒரு வருடம் லயத்துக் குழாயில் தண்ணீரே இல்லை. தூதன் வேஷம் கட்டியவர், "கைலாசத்துக்கு ஓலை கொண்டுபோறேன், ஒரு சொம்பு தண்ணி குடுங்க. இங்க குழாயைத் தொறந்தா காத்துதான் வருது" என்றார். முன்வரிசையில் இருந்த மேனேஜரும் சிரித்தார். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் வந்தது. கூத்தால் வந்தது என்று சொல்லமாட்டேன். நடுவில் பெண்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. கூத்துக்கு அடிக்கிற தப்பு, அதாவது பறை, அதன் தோல் பனியில் தொய்ந்துவிடும், அடிக்கடி தீயில் காட்ட வேண்டும். அன்றைக்கு எரிப்புக்கு முன்னால் தப்பைக் காய்ச்சப் போன தப்படிக்கிறவர்கள் எழுந்து வரவில்லை. கூத்து முடிந்து எல்லோருக்கும் பந்தி, அவர்களுக்கு மட்டும் எப்போதும் தூக்குவாளியில் ஊற்றி அனுப்புவது வழக்கம். "பந்தியில இலை போட்டா அடிக்கிறோம்" என்றார்கள். சிவன் பந்தத்தோடு நிற்கிறார். தப்பு இல்லாமல் காமனை எரிக்க முடியாது. ஒரு மணி நேரம் கத்தல். கத்தியவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் சேலையைச் சுருட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கடைசியில் இலை போட்டார்கள். இரண்டு குடும்பம் சாப்பிடாமல் எழுந்து போனது. இன்றுவரை கூத்துக்கு வரி தருவதில்லை. இதை ஒன்றுசேர்ந்தது என்பதா, பிரிந்தது என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

"கூத்தில் ஏன் சாதியை இழுக்கிறாய்" என்று யாராவது வருவீர்கள். நான் இழுக்கவில்லை சாமி, அது தூக்குவாளியிலேயே இருந்தது.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். என் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க மூன்று தடவை அலைந்துவிட்டேன். தாத்தா சிலோனிலிருந்து வந்தபோது வைத்திருந்த பாஸ்போர்ட் வேண்டுமாம். அவர் செத்தே முப்பது வருடம் ஆகிறது. அந்தப் பெட்டியில் இருந்த காகிதங்களைக் கரையான் அரித்துவிட்டது என்று எழுதித் தரச் சொல்கிறார்கள், அதற்கும் ஒரு சாட்சி வேண்டுமாம்.