வெள்ளைத்தாளில் அம்மாவின் கையெழுத்து

கேள்வி: பவானிசாகர் முகாமில் அம்மாவோடு இருக்கிறேன், மில் வேலை. 2012இல் யாழ்ப்பாணம் திரும்பிய தம்பியை விசாரணைக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள். கனடா போய் அகதி அந்தஸ்து கேட்டான். படிவத்தில் எழுதாத அடியை நேரில் சொன்னதால் நம்ப முடியாது என்று தள்ளிவிட்டார்கள். இப்போது அப்பீல். ஏஜெண்ட் கேட்டார் என்று அம்மா கையெழுத்துப் போட்ட வெள்ளைத்தாள் இரண்டை அனுப்பினேன். இனியாவது அவனை நம்புவார்களா? — ஒரு அக்கா

பதில்: நம்புவார்களா என்பதை அப்புறம் பார்க்கலாம். வெள்ளைத்தாளில் பெற்றவளின் கையெழுத்தை வாங்கி அனுப்பிவிட்டு, அதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்களே அம்மிணி!

எங்கள் பெரியப்பா வெற்று புரோநோட்டில் கையெழுத்துப் போட்டு ஃபைனான்ஸில் இருபதாயிரம் வாங்கினார். நோட்டில் ஏறியது இரண்டு லட்சம். தென்னந்தோப்பு கைவிட்டுப் போனது. கோர்ட்டில் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது, "கையெழுத்து உங்களுடையதுதானே?"

அந்தத் தாளில் ஏஜெண்ட் என்ன எழுதுவார்? "என் கண்ணெதிரே மகனை இழுத்துப்போனார்கள்" என்று எழுதினால்? அன்று அம்மா பவானிசாகரில் இருந்ததை முகாம் பதிவேடு சொல்லும். அம்மா இந்தியாவில் இருப்பதைத் தம்பியே விசாரணையில் சொல்லியிருப்பான், அது ஒலிப்பதிவில் இருக்கும். சத்தியம் செய்து சொன்னதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை உண்மை என்றே கொள்ள வேண்டும் என்று 1979இல் மால்டொனாடோ வழக்கில் கனடா நீதிமன்றம் சொன்னது. அந்தக் காரணத்தை நீங்களே கூரியரில் அனுப்பியிருக்கிறீர்கள்.

அங்கே அகதிகள் அப்பீல் பிரிவு பெரும்பாலும் ஆளைக் கூப்பிடாது. பழைய பதிவையும் காகிதங்களையும் வைத்து, முதல் தீர்ப்பு சரியா என்று தானே பார்க்கும். புதுச் சான்று என்றால் தள்ளுபடிக்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதை முன்பே கொடுத்திருக்க முடியாததற்கு நியாயமான காரணம் வேண்டும். அம்மாவின் கடிதம் உண்மையானதாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். வக்கீல் பதில் வைத்திருக்க வேண்டும்.

வழக்கே அடி ஏன் படிவத்தில் விடுபட்டது என்பதில்தான் நிற்கிறது. யார் நிரப்பியது, அதே ஏஜெண்டா? தமிழில் வாசித்துக் காட்டினாரா? மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போடும் இடம் அந்தப் படிவத்திலேயே உண்டு. அங்கே யார் பெயர் இருக்கிறது என்று தம்பி பார்க்கட்டும். வெட்கப்பட்டோ பயந்தோ மறைத்திருந்தால் அதையும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லட்டும்.

நீங்கள் மூத்தவர். அப்பீலுக்கு நாள் கணக்கு உண்டு, தம்பிக்கு இன்றைக்கே போன் போடுங்கள். அந்த இரண்டு தாளையும் ஏஜெண்டிடமிருந்து வாங்கி, வக்கீலிடம் விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஏஜெண்ட் கோபித்துக்கொள்வாரே என்று தயங்காதீர்கள். தாயின் பெயரில் பொய் எழுதவிடுவது அக்காவின் கடமை ஆகாது.

அப்புறம் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். அடிபட்ட பிறகு தம்பி போனில் பேசினானா, என்ன சொன்னான், அதற்கு முன் எத்தனை நாள் பேச்சே இல்லை என்று கேளுங்கள். அவர் வாயில் வார்த்தையைப் போடாதீர்கள். தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். முழுதும் வாசித்துக் காட்டி, "ஆமாம், இதுதான்" என்று அவர் சொன்ன பிறகு பேனாவைக் கொடுங்கள்.