எக்ஸ்-கதிர் வடிகட்டிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கொட்டகலையிலிருந்து எழுதுகிறேன், ஐயா. மகன் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறான். டி கொரோனே போரியாலிஸ் என்ற நட்சத்திரம் எந்நேரமும் வெடிக்கலாமாம். தொலைநோக்கியில் ‘எக்ஸ்-கதிர் வடிகட்டி’ பொருத்தினால் மலையிலிருந்தே அதன் எக்ஸ்-கதிர் நிறமாலையை (கதிரை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவை) எடுக்கலாம், போட்டியில் பரிசு நிச்சயம் என்று ஒரு தரகர் நாற்பதாயிரம் ரூபா முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அம்மா.

நட்சத்திரக் கதை உண்மைதான். அங்கே ஒரு வெண்குறுமீன், அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய நட்சத்திரம், பக்கத்துச் செம்பூதத்திலிருந்து, அதாவது ஊதிப்பெருத்த சிவப்பு நட்சத்திரத்திலிருந்து, ஐதரசனை இழுத்துச் சேர்க்கிறது. சேர்ந்தது ஒருநாள் பற்றிக்கொள்கிறது. 1866இலும் 1946இலும் அப்படி வெடித்தது. அடுத்ததற்கு நாள் குறித்துக் கொடுப்பவர் காதில் பூச்சுற்றுகிறார்.

வடிகட்டிதான் சுத்தப் பொய். விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களை வளிமண்டலம் மேலேயே விழுங்கிவிடும். 2,524 மீற்றர் உயரப் பிதுருதலாகலை உச்சியில் நின்றாலும் காற்றின் முக்கால் பங்கு தலைக்கு மேல்தான். வந்து சேராத கதிரை எதைக்கொண்டு வடிப்பது? அதற்காகத்தானே 1999இல் சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கிகளை விண்வெளிக்கே அனுப்பினார்கள்! ‘நாசா அங்கீகாரம்’ என்று அச்சடித்த சான்றிதழையும் காட்டுவார்கள், மயங்காதீர்கள்.

மகனுக்குத் தேவையான தரவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதே வகையைச் சேர்ந்த, மீண்டும் மீண்டும் வெடிக்கும் ஆர்எஸ் ஒபியூக்கி என்ற நட்சத்திரம் 2006 பெப்ரவரியில் வெடித்தபோது சந்திரா எடுத்த நிறமாலைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வாரங்களில் மக்னீசியமும் சிலிக்கனும் கூரிய முகடுகளாக நிற்கும். வீசப்பட்ட வாயு செம்பூதத்திலிருந்து வீசும் வாயுக் காற்றில் மோதிக் கோடிக்கணக்கான பாகை சூடேறியதன் அடையாளம் அது. ஒரு மாதத்துக்குப் பிந்தியதில் படமே வேறு. மென்மையான, அதாவது சக்தி குறைந்த, எக்ஸ்-கதிர்கள் பொங்கியிருக்கும். நைதரசனும் ஒட்சிசனும் சில அலைநீளங்களை உறிஞ்சி அவற்றில் பள்ளம் பறித்திருக்கும். புகை விலகி அடுப்பு தெரிவதுபோல வெண்குறுமீனின் சூடான மேற்பரப்பு வெளிப்பட்டுவிட்டது. அந்தப் பள்ளங்கள் குறுகிய அலைநீளப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்தால் வாயுவின் வேகம் வரும்: செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் அளவில். இதை மகன் தானே அளக்கலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில், வெடிப்பு பிரகாசமாக இருக்கும் நாட்களில் மட்டும், கெமராவின் முன் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் தகடு பொருத்தினால் ஐதரசனின் 656 நானோமீற்றர் சிவப்புக் கோடு விழும். கெமரா அசையாத தாங்கியில் இருக்கவேண்டும்; வானத்தில் மேகம் இருக்கக்கூடாது. உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் அது நடக்காது. பெப்ரவரி, மார்ச்சில் விடியலுக்கு முன் அந்த நட்சத்திரம் உயரத்தில் இருக்கும். அப்போது பதிவதும் எக்ஸ்-கதிர் நிறமாலை அல்ல. அறிக்கையில் அப்படி எழுதவேண்டாம்.

தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே குதிரைக்கொம்பு. போட்டி நடுவர்களோ பளபளக்கும் கருவிக்குப் புள்ளி போடுகிறார்கள். பிறகு தரகர்கள் முளைக்காமல் என்ன செய்வார்கள்?

ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால், ரசீதோடும் குறுஞ்செய்திகளோடும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுங்கள், இலக்கம் 1977.